தாது வருஷத்தில் நான் எந்த இடத்தில் நின்றிருப்பேன்?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. 1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் எடுத்த படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது எங்காவது பகிர்ந்துவிடுகிறார்கள். எலும்பின்மேல் தோலைப் போர்த்தியதுபோல மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கால் மூட்டு தொடையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

படத்துக்குக் கீழே அக்கா மகன் எழுதியிருந்தான்: “நான் மட்டும் அப்போ இருந்திருந்தா இப்படிப் பட்டினி போட்டவனுங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.” அவனுக்கு இருபது வயது. கல்லூரியில் படிக்கிறான். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அந்த வாக்கியம் மறுபடி வந்தது. “நான் அப்போ இருந்திருந்தா.” சரி, இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நாம் எல்லோருமே ஒரு காரியம் செய்கிறோம். இன்றைய நம்மை, இன்றைய படிப்போடும் நிறைந்த வயிற்றோடும், அப்படியே தூக்கி 1877-ல் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். 1877-ல் வாழ்ந்திருந்தால் நம் மனசையும் அந்தக் காலம்தான் செய்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அதோடு, அங்கே போய் எங்கே நிற்பது என்பதையும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். தடுக்கும் சக்தி உள்ளவனாக, தைரியசாலியாக, எதிர்த்துக் கேட்பவனாக. பசியில் சுருண்டு கிடப்பவனாக யாரும் தன்னை நினைத்துப் பார்ப்பதில்லை. தானிய மூட்டைக்குப் பூட்டுப் போட்டவனாகவும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு காலத்தில் நம் நியாய அநியாயம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகமாகவே பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாது வருஷத்தையே எடுத்துக்கொண்டால், அன்று யார் யாருக்கு என்ன வழி இருந்தது, யார் எதைத் தேர்ந்தார்கள் என்பது ஓரளவு நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

இரண்டு 1826

1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், மதுரை, வடஆர்க்காடு, இன்னும் வடக்கே பெல்லாரி, கடப்பை, கர்நூல் என்று வானம் பார்த்த பூமியெல்லாம் காய்ந்தது. மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி வரை இதே கதை. தாது வருஷம் முடிந்து ஈஸ்வர வருஷம் பிறந்தும் பஞ்சம் விடவில்லை. 1878-க்குள் மொத்தமாக 55 லட்சத்துக்கு மேல் மனிதர்கள் செத்தார்கள் என்பதே குறைந்தபட்ச மதிப்பீடு. அதற்கு மேலே போகிற கணக்குகளும் உண்டு.

தானியம் எங்குமே இல்லாமல் போகவில்லை. ரயில் இருந்தது, தந்தி இருந்தது, கப்பல் இருந்தது. விலைதான் கூலிக்காரனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு, தானிய வியாபாரத்தில் அரசு கைவைக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். விலை ஏறினால் தானியம் தானாக வந்து சேரும், அரசு தலையிட்டால் வியாபாரி ஒதுங்கிவிடுவான், பஞ்சம் இன்னும் மோசமாகும் என்பது அன்று படித்தவர்கள் நம்பிய பொருளாதாரம். லிட்டன் ஒரு கவிஞரும்கூட. 1877 ஜனவரி 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் அவர் தர்பார் நடத்தினார்.

அந்த மாதமே சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்ச ஆய்வாளராக நியமித்துத் தெற்கே அனுப்பினார்கள். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டெம்பிள் இரக்கமே இல்லாதவராகத் தொடங்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் அவர்தான். பர்மாவிலிருந்து சுமார் நான்கரை லட்சம் டன் அரிசியை இறக்குமதி செய்தார். கேட்டவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். பெருஞ்சாவு நடக்கவில்லை. நூறு வருட வெள்ளைக்காரர் ஆட்சியில் பஞ்சத்தை இவ்வளவு நன்றாகச் சமாளித்தது அபூர்வம். எதிர்பார்த்த அளவுக்குப் பஞ்சம் கடுமையாகவில்லை என்பதால் கடைசியில் ஒரு லட்சம் டன் அரிசி மிஞ்சியும் போனது.

அதற்கு அவருக்குக் கிடைத்தது திட்டு. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்றார்கள். தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்று இந்தியர்கள் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று லண்டன் பத்திரிகையே கண்டித்து எழுதியது. மிஞ்சிய அரிசி அவர் செய்த குற்றத்துக்குச் சாட்சியானது. பட்டினியில் சாகாமல் பிழைத்தவர்கள் யார் கண்ணுக்கும் சாட்சியாகத் தெரியவில்லை. நடக்காத சாவை யார் எண்ணுவார்கள்?

மூன்று ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்த டெம்பிள் வேறு ஆளாக இருந்தார். நிவாரண வேலைத்தளங்களில் கூலி அதிகம் என்றார். நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நிவாரணப் பட்டியல்களையும் சுருக்கினார். இந்தக் கூலிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஆண்டே அவர் பம்பாய் மாகாணத்தின் ஆளுநரானார்.

அவர் கதையைப் படித்தபோது “காலம் அப்படி” என்கிற சமாதானம் எனக்குள் உடைந்துபோனது. 1874-க்கும் 1877-க்கும் நடுவில் காலம் மாறவில்லை. அதே பேரரசு, அதே பொருளாதாரப் பாடம், அதே மனிதர். எதைச் செய்தால் ஆட்கள் பிழைப்பார்கள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம்கூட இல்லை, கையால் செய்து பார்த்த விஷயம். மாறியது ஒன்றுதான். நல்லது செய்ததற்குத் திட்டு வாங்கியிருந்தார்.

டெம்பிள் பிறந்தது 1826 மார்ச்சில். அதே 1826-ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மாயூரத்தில் பல காலம் முன்சீப்பாக இருந்து, பஞ்சம் வருவதற்கு முன்பே அந்த வேலையிலிருந்து வெளியே வந்துவிட்டவர். தாது வருஷத்தில் அவர் தன் சொந்தச் சொத்தைச் செலவழித்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவரைப் புகழ்ந்து பாடியது இசை உலகத்துக்குத் தெரிந்த செய்தி.

இருவருக்கும் ஒரே வயது. இருவரும் அதே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவர் பிறவியிலேயே நல்லவர், இன்னொருவர் கெட்டவர் என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, பீகார் கணக்கு அப்படி முடிக்க விடவில்லை. எனக்குப் படுவது வேறு. பிள்ளைக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. கஞ்சிக்கு அவர் யாருக்கும் கணக்கு அனுப்ப வேண்டியதில்லை, பதவி உயர்வு பறிபோகும் என்ற பயமும் இல்லை. அதைவிட முக்கியம், பசித்தவர்கள் அவர் வாசலுக்கே வந்தார்கள். டெம்பிளுக்கு அவர்கள் அறிக்கையில் எண்ணாகவும், குதிரைமேலிருந்து பார்க்கும்போது தூரத்துக் கூட்டமாகவும் இருந்தார்கள்.

வேறு மாதிரி நினைத்தவர்கள் அன்று இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதியே தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டார். பசித்து வந்தவனிடம் நீ தகுதியானவனா, வேலை செய்தாயா, எந்தச் சாதி என்று கேட்காமல் சோறு போடலாம் என்பது பஞ்சத்துக்குப் பத்து ஆண்டுக்கு முன்பே தென்னார்க்காட்டில் நடைமுறையில் இருந்த ஒன்று. தருமச்சாலை தர்மம், அரசாங்கம் வேறு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடு இல்லை. பீகாரில் அதே அரசாங்கம் அதைத்தானே செய்தது.

எடை போட்டவன்

அரசாங்கத்துக்கு உள்ளே இருந்தே எதிர்த்தவரும் உண்டு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஒரு ராத்தல் தானியத்தில் கடும் உழைப்பாளியின் உடம்பு தாங்காது, குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று எழுதினார். அவர் மருத்துவர். தசை கரைவது, வயிற்றோட்டம், கால் வீக்கம் இதெல்லாம் அவருக்கு உடம்பில் தெரியும் உண்மை. விடாமல் எழுதினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி தூரம் இறங்கிவந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்பும். அந்தக் கால் ராத்தல் எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தியது என்று கணக்கெடுக்க முடியாது. அதற்குள் போன உயிர்களும் ஏராளம்.

கார்னிஷைப் படிக்கும்போது நாமும் அப்படித்தான் இருந்திருப்போம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நியாயமாக யோசித்தால், அன்று அரசுச் சம்பளத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவனாக இருந்திருந்தால், கார்னிஷாகவோ டெம்பிளாகவோ இருந்திருக்க வாய்ப்பே இல்லை. என் படிப்புக்கும் சுபாவத்துக்கும் நான் முகாமில் குமாஸ்தாவாக இருந்திருப்பேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். காலையில் வரிசை. கையில் மஸ்டர் ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேர்ப் பட்டியல். (நூறு நாள் வேலைத் தளத்திலும் அந்தப் பேர்தான் இருந்தது.) எதிரே ஒரு பெண் நிற்கிறாள். அவள் வேலை செய்யத் தெம்புள்ளவளா, இல்லை இலவசக் கஞ்சிக்குத் தகுதியான அளவுக்கு மெலிந்தவளா என்று முடிவுசெய்ய வேண்டும். தெம்புள்ளவள் என்று எழுதினால் கூடை தூக்கப் போவாள், விழுந்தாலும் விழுவாள். தெம்பில்லாதவள் என்று எழுதினால், இலவசப் பட்டியல் ஏன் நீள்கிறது என்று மேலே இருந்து கேள்வி வரும். எனக்குப் பின்னால் தாசில்தார், அவருக்குப் பின்னால் கலெக்டர், அவருக்கும் பின்னால் ராத்தலை நிர்ணயித்தவர். வீட்டில் எனக்கும் நாலு பிள்ளைகள், அரிசி விலை எனக்கும் ஏறித்தான் இருக்கிறது. இந்த வேலை போனால் நாளைக்கு நானும் அந்த வரிசையில்தான். நான் யாரையும் கொல்லவில்லை. பேர் எழுதுகிறேன், எடை போடுகிறேன், அவ்வளவுதான்.

அந்த “அவ்வளவுதான்” எவ்வளவு பலமானது என்பதை 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் காட்டின. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், தப்பு கூடக்கூட வோல்ட்டும் கூடும். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு, ஆனால் சுவிட்சைப் போடுபவருக்கு அது தெரியாது. சாம்பல் நிற ஆய்வகக் கோட்டு போட்டவர் பக்கத்தில் நின்று “தொடருங்கள்” என்று மட்டும் சொல்லுவார். 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள்.

இது பலரும் கேள்விப்பட்டதுதான். இதற்குப் பிறகு அவர் சூழ்நிலையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் கேள்விக்கு அதுதான் முக்கியம். சுவிட்சை வேறொருவர் போட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து துணை வேலை மட்டும் பார்த்தால்? 40 பேரில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கப்படுபவரின் கையைத் தானே பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றால்? 12 பேர்தான் கடைசி வரை போனார்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் “எங்களால் முடியாது” என்று எழுந்துவிட்டால்? வெறும் 4 பேர்.

மில்கிராமின் சோதனையைக் குறை சொல்பவர்கள் நிறைய உண்டு, அவர் ஆட்களை நடத்திய விதமும் சரியில்லை. இருந்தாலும் இந்த எண்களை முகாமில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மஸ்டர் ரோல் குமாஸ்தா அந்த 37 பேரின் நாற்காலியில் இருக்கிறார். வேதநாயகம் பிள்ளை கையைப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறார். கார்னிஷுக்கோ, தனியாக எழுந்து நிற்க வேண்டிய நிலை முழுக்க இல்லை. சென்னை மாகாண அரசே டெம்பிளின் கெடுபிடியை முழு மனதோடு ஏற்கவில்லை. மதராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி பஞ்சத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதால் கார்னிஷின் மதிப்பு குறையாது. துணை இருக்கும் இடத்தில்தான் தைரியம் கொஞ்சம் சுலபமாக முளைக்கிறது என்று தெரிகிறது.

பஞ்சத்துக்கு நூறு ஆண்டு கழித்து, 1976-ல், தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் இதை வேறு பக்கத்திலிருந்து கேட்டார். ஜெர்மனியில் நாஜி முகாமில் அதிகாரியாக இருந்த ஒருவன், நாஜிகள் ஆட்சிக்கே வராமல் இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்து முடித்திருக்கலாம். வியாபாரத்துக்காக 1930-ல் ஜெர்மனியை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போய் அமைதியாக வாழ்ந்த ஒருவன், போகாமல் இருந்திருந்தால் முகாம் அதிகாரி ஆகியிருக்கலாம். அப்படியானால் ஒருவனை நல்லவன் என்று நாம் சொல்வதில் எவ்வளவு அவன் சம்பாதித்தது, எவ்வளவு அவனுக்குச் சும்மா வாய்த்தது? நம் ஊரில் “அவனுக்கு அந்தச் சந்தர்ப்பம் வரலை, அதனால யோக்கியன்” என்று பாட்டிகள் சர்வசாதாரணமாகச் சொல்லுவதும் இதேதான்.

வரிசையில் நின்றவர்கள்

இவ்வளவு நேரம் கொடுக்கிறவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். இந்தக் கேள்வியின் பெரிய குறையே அது. தமிழ் பேசும் நம்மில் பெரும்பாலானவர்களின் முன்னோர்கள் 1877-ல் நிற்க வாய்ப்பிருந்த இடம், வரிசைதான்.

அவர்களுக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வெறும் பாதிக்கப்பட்டவர்களாக அவர்கள் இல்லை. விதை நெல்லைத் தின்பதா, வைப்பதா. மாட்டை விற்பதா. கிழவியை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு முகாமுக்குப் போவதா. கங்காணியோடு இலங்கைத் தோட்டத்துக்குப் போவதா, பத்திரத்தில் கைநாட்டு வைத்து மொரிஷியஸுக்கோ தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ கப்பல் ஏறுவதா. தானியக் கடையைக் கும்பலாகப் போய் உடைப்பதா. 1876-ன் கடைசியில் பல ஊர்களில் உடைக்கவும் செய்தார்கள். சட்டம் அதைக் கொள்ளை என்று எழுதி வைத்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளை சாகும்போது பூட்டை உடைப்பது தப்பா என்று கேட்டால், இங்கே உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அங்கே நின்றவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. அவர்களில் பலர் அதுவரை ஒரு படி நெல்லைக்கூடக் கேட்காமல் எடுத்திராதவர்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, சொல்லக் கஷ்டமானது. சமைத்த கஞ்சியை வேறு சாதிக்காரர் கையால் வாங்கமாட்டோம் என்று முகாமுக்கு வராமலே கிடந்தவர்களைப் பற்றிப் பஞ்ச அறிக்கைகள் பேசுகின்றன. சாவு வாசலில் நிற்கும்போதும் அந்தக் கோடு அழியவில்லை. லிட்டனுக்குப் பொருளாதாரம் எப்படியோ அப்படி இவர்களுக்குச் சாதி. யோசித்து எடுத்த முடிவாக அது இருந்திருக்காது, மூச்சு விடுவதுபோல இருந்திருக்கும்.

இன்றைக்கு இருக்கும் நாம் எல்லோரும் அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பிள்ளைகள். பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று எந்தக் குடும்பத்திலும் முழுக்கதை வராது. பகிர்ந்து தின்று பிழைத்தவர்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்தவர்களும் இருந்திருப்பார்கள். என் வம்சத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குக் கதவைத் திறக்காமல் இருந்ததால் நான் இன்று இதை எழுதுகிறேனோ என்னவோ. அதை நினைத்தால், அக்கா மகன் போட்ட வரியைப்போல எனக்கு எழுத வருவதில்லை.

“அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்திருப்பேன்” என்பதற்கு என்னிடம் ஒரு நேரடி சாட்சி இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரிடமும் இருக்கும். நான் வேறொரு காலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துவிட்டேன். 1980-களில், எங்கள் கிராமத்து வீட்டில்.

அம்மாச்சி வீட்டுக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், இறவானத்தில் செருகி ஒரு அலுமினிய டம்ளர் இருக்கும். விளிம்பு நசுங்கியது. தோட்ட வேலைக்கு வரும் தாத்தா ஒருவருக்கு மட்டும் அது. அவரே அதை எடுப்பார், அவரே கழுவிச் செருகிவிடுவார். தண்ணீர் கேட்டால் நான் சொம்பைக் கொண்டுபோய்த் தூக்கி ஊற்றுவேன், சொம்பு டம்ளரில் படக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பார்த்துப் பழகியிருக்கிறேன். எனக்கு எட்டு வயது இருக்கும். அவருக்கு என் தாத்தா வயது. நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவர் என்னை “சின்னய்யா” என்பார். டம்ளரில் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது மணிக்கட்டில் தெறிக்கும், எனக்கு அது விளையாட்டாக இருக்கும். உள்ளே எதுவுமே உறுத்தவில்லை. கொஞ்சம்கூட. பதினேழு பதினெட்டு வயதில், வெளியூர் விடுதியில், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்ற ஒரு நண்பனின் ஊர்ப்பேச்சைக் கேட்டபோதுதான் அந்த டம்ளர் மனசில் வந்து விழுந்தது. அவன் தாத்தாவுக்கும் ஒரு வீட்டில் அப்படி ஒரு டம்ளர் இருந்திருக்கிறது.

அந்த எட்டு வயதுப் பையன் கெட்டவன் இல்லை. இரக்கமுள்ள பையன்தான், அடிபட்ட அணிலுக்குப் பால் ஊற்றியவன். ஆனால் அவன் கண்ணுக்கு அந்த டம்ளர் தெரியவில்லை. வேறொரு காலத்தில் என் நீதி எப்படி இருந்திருக்கும் என்று யாராவது கேட்டால், என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒரே பதில் அதுதான். தூக்கி ஊற்றியிருப்பேன்.

தவறுகளில் இரண்டு வகை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காலம் கண்ணை மறைத்துச் செய்ய வைக்கும் தவறு ஒன்று, டம்ளர் மாதிரி. அதில் ஒருவரைத் தண்டிப்பதைவிட அவர் கண் எப்படித் திறந்தது, யார் திறந்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பெரும்பாலும் திறந்தவர்கள் அந்தத் தவறில் அடிபட்டவர்கள்தான், என் விடுதி நண்பனைப்போல. இன்னொன்று, நன்றாகத் தெரிந்தே விடும் தவறு. பீகாரைப் பார்த்த பிறகு சென்னையில் டெம்பிள் செய்தது. இதைக் காலத்தின் கணக்கில் எழுதவே முடியாது. 1877-ல் நடந்ததும் இப்போது நடப்பதும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

2020 மே மாதம், ஊரடங்கு. நாங்கள் இருப்பது சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலைக்குப் பக்கம். வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே ஊருக்குப் போனார்கள். தலையில் மூட்டை, கையில் பெயிண்ட் டப்பாவில் தண்ணீர், சிலர் காலில் செருப்புகூட இல்லை. ஒருவன் தோளில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். என் மனைவி பரணிலிருந்து கல்யாண அண்டாவை இறக்கினாள். எலுமிச்சைச் சாதம், ஒரு நாளைக்கு நாற்பது பொட்டலம். பக்கத்து வீட்டு அக்கா ஊறுகாய் மடித்துக் கொடுத்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே மேசை போட்டு வைத்துக் கொடுத்தோம். நாலு நாள். ஐந்தாம் நாள் காலை அண்டாவைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினோம். சாலையில் கூட்டம் அன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனிடம் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிச் சொன்னேன். பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாகத் தெரியுமே, அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்து ஜனங்கள்தான், 1877-78-ல், நிவாரண வேலையாக. அன்றைய ஆளுநர் பேரைத்தான் அதற்கு வைத்தார்கள் என்றேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. டெம்பிள் கதையையும் சொன்னேன். பீகாரில் கொடுத்தது, லண்டனில் திட்டியது, இங்கே வந்து ராத்தலைக் குறைத்தது.

“அவன் கழுத்துல யாராச்சும் கத்தியா வெச்சாங்க மாமா? திட்டினாங்க, அவ்ளோதானே? அதுக்கா நிறுத்துவான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் காபியைக் குடித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவனாக, “நீங்களும் அத்தையும் லாக்டவுன்ல சாப்பாடு குடுத்தீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. எத்தனை நாள் குடுத்தீங்க?” என்றான்.

“நாலு நாள்.”

“அப்புறம்?”

“அசோசியேஷன் குரூப்புல பேசினாங்கடா. கூட்டம் சேருது, இலவசமா குடுத்தா பழகிடுவாங்க, இங்கேயே நின்னுடுவாங்கன்னு.”